கடைமடை மந்திரம்

தொண்ணூறுகளின் நடுவில் நான்கு வருஷம் நான் திருச்செந்தூர் பாசஞ்சரில் வேலைக்குப் போய்வந்தேன். ஸ்ரீவைகுண்டத்தில் ஏறித் திருநெல்வேலி ஜங்ஷனில் இறங்குவேன். காலை வண்டியில் பாதிப் பேர் சீசன் டிக்கெட்காரர்கள். பெட்டிக்குப் பெட்டி, எதிரெதிர் முழங்கால்களுக்கு நடுவே துண்டை விரித்து ரம்மி நடக்கும். எங்கள் பெட்டியில் மட்டும் வேறு ஆட்டம். அதற்குக் காரணம் நாசரேத்தில் ஏறுகிற ஓர் ஆசிரியர்.

அவர் பாளையங்கோட்டையில் ஆங்கிலம் நடத்துபவர். சீட்டைத் தொடவே கூடாது என்று வளர்த்த வீடு. ஜாக்கியையும் ராணியையும் பார்த்தாலே முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வார். சிங்கப்பூரிலிருந்த அவருடைய அக்கா ஒரு விடுமுறைக்கு வந்தபோது, வீட்டில் ஆடிச் சலித்த இரண்டு பெட்டி அட்டைகளை இவரிடம் விட்டுவிட்டுப் போயிருக்கிறார். ஒவ்வொரு அட்டையிலும் பறக்கும் பாம்பு, எலும்புக்கூடு, தாடிவைத்த மந்திரவாதி என்று ஒரு படம். அதன் கீழே பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் நாலு வரி. இரண்டு மந்திரவாதிகள் மோதிக்கொள்ளும் ஆட்டம். ராஜா ராணி படம் போட்ட சீட்டை விலக்கியவர், பேயும் பில்லிசூனியமும் நிறைந்த இந்தக் கட்டை எந்தக் கிலேசமும் இல்லாமல் பையில் போட்டுக்கொண்டு வந்தார். நாங்கள் யாரும் அதைப் பற்றி அவரிடம் வாய் திறக்கவில்லை. நல்ல ஆட்டத்தைக் கெடுப்பானேன்.

ஆட்டம் இதுதான். ஒவ்வொருவருக்கும் இருபது உயிர். எதிராளியின் உயிரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தால் வெற்றி. மந்திரத்தால் நேராக அடிக்கலாம், அல்லது பூதங்களைக் களத்தில் இறக்கி அடிக்கலாம். மந்திரம் போட வலு வேண்டும். அந்த வலுவைத் தருபவை நில அட்டைகள். சுற்றுக்கு ஒரு நிலத்தைக் கீழே வைக்கலாம். முதல் சுற்றில் ஒரு வலு, ஐந்தாவது சுற்றில் ஐந்து என்று ஏறிக்கொண்டே போகும். அந்தச் சுற்றில் செலவழிக்காமல் விட்டது வீண். பெரிய மந்திரத்துக்கு நிறைய வலு, சின்ன மந்திரத்துக்குக் கொஞ்சம். அந்த வலுவுக்கு ஆங்கிலத்தில் இருந்த சொல் எங்கள் வாயில் நிற்கவில்லை. 'தண்ணி' என்று பெயர் மாற்றியவர் என்னோடு ஸ்ரீவைகுண்டத்தில் ஏறும் நண்பர். அவர் பாசனப் பிரிவு அலுவலகம் ஒன்றில் இளநிலை உதவியாளர். எந்த மடையை என்றைக்குத் திறந்தார்கள், என்றைக்கு அடைத்தார்கள் என்ற பதிவேடு அவர் மேசையில்தான் இருக்கும். "நிலத்துலேருந்து வாறது தண்ணிதானே வே" என்றார். அன்றிலிருந்து தண்ணிதான்.

நாலாவது ஆள் ஆழ்வார்திருநகரியில் ஏறும் அண்ணாச்சி. திருநெல்வேலியில் வாழைத்தார் மண்டி வைத்திருந்தார். எங்களைவிடப் பத்து வயது மூத்தவர். ஆங்கிலம் தெரியாது, அட்டைகளைப் படத்தை வைத்தே மனப்பாடம் செய்திருந்தார். எங்கள் மூவரையும்விட வேகமாக ஆடினார்.

ஒரு வருஷத்தில் அட்டைகள் எல்லாம் எங்களுக்குப் பழகிப்போயின. எதிராளி கையில் என்ன இருக்கும் என்பது அவர் மூச்சு விடுவதிலிருந்தே தெரிந்துவிடும். புது அட்டை வாங்கத் திருநெல்வேலியில் கடை ஏது. நாமே எழுதினால் என்ன என்று ஆசிரியர் ஒருநாள் கேட்டார். புதுச் சட்டை மடிப்புக்குள் வரும் அட்டையைச் சேர்த்துவைத்து அளவாக நறுக்கினோம். அதில் அவரவருக்குத் தோன்றிய மந்திரங்களைத் தமிழில் எழுத ஆரம்பித்தோம்.

பிரச்சினை அங்கேதான் தொடங்கியது. அண்ணாச்சி கொண்டுவந்த முதல் மந்திரம், 'எதிராளி கையில் உள்ள அட்டை எல்லாவற்றையும் கீழே போட வேண்டும்.' விலை ஒரே ஒரு தண்ணி.

"இவ்வளவு பெரிய மந்திரத்துக்கு ஒரு தண்ணியா அண்ணாச்சி?" என்றேன்.

"மலிவா இருந்தாத்தான் வே போணியாவும்" என்றார்.

இதை இப்படியே விட்டால் ஆட்டம் நாறிப்போகும் என்று எனக்குப் பட்டது. நான் அப்போது வேலை பார்த்தது விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் பிரிவில். இணைப்பு சரியாக இருக்கிறதா, கையொப்பம் உண்டா, முன்பு இதே மாதிரி வந்ததற்கு என்ன உத்தரவு போட்டோம் என்று பார்த்துக் குறிப்பெழுதி மேலே அனுப்ப வேண்டும். குறை கண்டுபிடிப்பதில் எனக்கு ஒரு ருசி உண்டு. ஆகவே மந்திரங்களைப் பரிசீலிக்கும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். யாரும் கொடுக்கவில்லை, யாரும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

எண்பது பக்க நோட்டு ஒன்று போட்டேன். புது மந்திரம் முதலில் பென்சிலில் எழுதப்பட வேண்டும். அதன் மேல் மூன்று கேள்விகள். விலை எவ்வளவு? வேறு எந்த அட்டையின் தயவும் இல்லாமல் தனியாக இது என்ன செய்யும்? இது எதிராளி கையில் இருந்தால் நான் பயப்படுவேனா? இந்த மூன்றுக்கும் பதில் எழுதியபின் பத்துச் சோதனை ஆட்டம். அதில் ஒரு பக்கம் கட்டாயம் நான் இருப்பேன். பத்தும் முடிந்ததும் குறிப்பு. 'ஏற்கலாம்', 'விலையை உயர்த்தி ஏற்கலாம்', 'நிராகரிக்கலாம்.' மற்ற இரண்டு பேரும் கீழே கையெழுத்துப் போடுவார்கள். ஏற்கப்பட்ட மந்திரத்தை ஆசிரியர் தன் முத்தான எழுத்தில் மையில் எழுதுவார். மூலையில் அதைக் கண்டுபிடித்தவரின் அடையாளம் வரும். அண்ணாச்சிக்கு வாழைத்தார், ஆசிரியருக்குப் பேனா, எனக்கு ஒரு 'சரி' குறி.

சும்மா சொல்லக் கூடாது, வேலையை ஒழுங்காகத்தான் செய்தேன். அண்ணாச்சியின் மந்திரத்துக்கு விலை ஆறாக ஏறியது. ஆசிரியர் 'வெள்ளம்' என்று ஒன்று கொண்டுவந்தார். களத்தில் நிற்கிற பூதங்கள் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போகும். நாலு தண்ணி என்றிருந்ததை ஐந்தாக்கினேன். அந்த ஒரு தண்ணியில் ஆட்டமே சமப்பட்டது. ஆசிரியர் நாலு நாள் முறைத்துக்கொண்டிருந்துவிட்டு ஒத்துக்கொண்டார். எதிராளியின் ஒரு நிலத்தை மூன்று சுற்றுக்கு மண்மேடாக்கும் என்னுடைய 'தூர்' எந்தத் திருத்தமும் இல்லாமல் தேறியது. அதைப் பரிசீலித்ததும் நான்தான் என்று அண்ணாச்சி குத்திக்காட்டுவார். காதில் போட்டுக்கொள்ள மாட்டேன்.

இதில் எங்களுக்கு இன்னொரு வழக்கமும் இருந்தது. செய்துங்கநல்லூரில் கூட்டம் அள்ளிக்கொண்டு ஏறும். அதற்குமேல் முழங்காலில் துண்டு நிற்காது. ஆசிரியர் பாளையங்கோட்டையில் இறங்க வேறு வேண்டும். ஆகவே வண்டி செய்துங்கநல்லூரை விட்டுக் கிளம்பும்போது யாருக்கு உயிர் குறைவாக இருக்கிறதோ அவர் கையிலுள்ள அட்டையைக் கீழே வைத்துவிடுவார். அதுதான் தோல்வி. ஸ்ரீவைகுண்டத்திலிருந்து அங்கே வருவதற்குள் ஏழு சுற்று, மிஞ்சினால் எட்டு. நாங்கள் எல்லோருமே அதற்குத் தகுந்தாற்போலத்தான் ஆடினோம். முந்திக்கொண்டவன் ஜெயித்தான்.

நண்பர் மட்டும் முந்தமாட்டார். பைய ஆடுவார். பெரிய மந்திரங்களைக் கையிலேயே வைத்துக்கொண்டு, அவற்றுக்கான தண்ணி வரும்வரை அடியை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். செய்துங்கநல்லூர் வந்துவிடும். சிரித்துக்கொண்டே கீழே வைப்பார். பத்து ஆட்டத்தில் எட்டு தோற்றார். அவர் கொண்டுவந்த மந்திரங்களும் அவரைப் போலவே இருந்தன. ஒன்று, பத்துச் சுற்று காத்திருந்தால் ஒரு பெரிய பூதம் வரும் என்றது. இன்னொன்று, யாருக்குமே ஒன்றும் செய்யாமல் ஒரு சுற்றைக் கடத்தியது. ஆறு மந்திரங்களை அடுத்தடுத்து நிராகரித்தேன். அந்த ஆறும் நிராகரிக்க வேண்டியவைதான். இப்போதும் அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அந்த வருஷம் மழைக்காலம் முடிந்த கையோடு அவருக்கு வள்ளியூருக்கு மாற்றல் வந்தது. அந்தப் பக்கமே குடிபோகிறார், இனிமேல் பஸ்தான். உத்தரவு வந்த மறுநாள் என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பென்சில் அட்டையை நீட்டினார்.

"போறதுக்குள்ள எங்கணக்குலயும் ஒண்ணு கட்டுல ஏறணும் வே. இத்தனை வருசம் ஆடிட்டு, மூலையில ஒரு அடையாளம் இல்லாமப் போனா நல்லாவா இருக்கு" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அவர் அடையாளமாக என்ன போடலாம் என்பதைக்கூட முடிவு செய்து, மூலையில் பென்சிலால் லேசாக வரைந்து வைத்திருந்தார். மடைப் பலகை தூக்கியிருப்பதுபோல ஒரு சின்னக் கட்டம்.

மந்திரத்தின் பெயர் 'கடைமடை', மேலே மிஞ்சிய தண்ணி மட்டுமே வந்து சேரும் வாய்க்காலின் கடைசி மடை. விலை ஒரு தண்ணி. 'எதிராளி சென்ற சுற்றில் செலவழிக்காமல் விட்ட தண்ணி முழுவதும் இந்தச் சுற்றில் உனக்கு.'

நோட்டை எடுத்தேன். தனியாக இது என்ன செய்யும்? ஒன்றும் செய்யாது. எதிராளி கையில் இருந்தால் பயப்படுவேனா? மாட்டேன். எங்கள் ஆட்டத்தில் தண்ணியை மிச்சம் விடுகிறவன் யார்? ஐந்து இருந்தால் ஐந்தையும் கொட்டித்தான் அடிப்போம். இருந்தாலும் முறைப்படி பத்துச் சோதனை ஆட்டம் போட்டோம். ஏழு ஆட்டத்தில் அட்டை கைக்கு வந்தும் போட வழியில்லை. இரண்டில் போட்டார், ஒரு தண்ணி செலவழித்து ஒரு தண்ணி வாங்கினார். ஒன்றில் கைக்கே வரவில்லை. 'பயன் இல்லை. நிராகரிக்கலாம்' என்று எழுதினேன்.

"நீரு ஜெயிக்கவன் பக்கம் நின்னு பாக்கீரு வே" என்றார் நண்பர். "இது தோக்கவனுக்கு உள்ளது. பன்னெண்டாவது சுத்துல, ஒருத்தன் கை காலியாயி, நிலம் மட்டும் நெறைய வச்சிக்கிட்டு உக்காந்திருப்பான் பாரும், அப்பம் போட்டுப் பாரும்."

"நம்ம ஆட்டம் பன்னெண்டாவது சுத்துக்கு எப்பம் வே போயிருக்கு?"

"போனா?"

"போனா பாப்போம்."

ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்கு வரச் சொன்னார். வண்டி, ஸ்டேஷன், கூட்டம் ஒன்றும் இல்லாமல் இருபது உயிரும் தீரும்வரை ஒரு முழு ஆட்டம் ஆடிப் பார்க்கலாம், அங்கன வச்சுத் தெரிஞ்சிரும் என்றார். நான் மறுத்துவிட்டேன். எல்லா மந்திரத்தையும் வண்டியில்தான் சோதித்தோம். ஒன்றுக்கு மட்டும் சலுகை கொடுத்தால் மற்றவர்கள் நாளைக்குக் கேட்பார்கள். அலுவலகத்தில் தினமும் பத்துப் பேரிடம் நான் சொல்கிற பதில் அது. யோசிக்காமலே வாயில் வந்தது. அண்ணாச்சி குறுக்கே வந்து, "போறவன் கேக்கான், ஒண்ணை ஏத்தி விட்டுத்தொலையுமேன் வே" என்றார். இரக்கத்துக்காக ஏற்றினால் நோட்டு எதற்கு என்று கேட்டேன். நண்பரே என் பக்கம் பேசினார். இரக்கத்துக்கு வேண்டாம் அண்ணாச்சி, நல்லாயிருந்தா ஏறட்டும் என்றார்.

அவருடைய கடைசி வெள்ளிக்கிழமை. மறுவாரம் திங்கட்கிழமை வள்ளியூரில் சேர வேண்டும். ஆசைக்கு அந்தப் பென்சில் அட்டையையும் கட்டில் சேர்த்து ஆடலாம் என்றார் ஆசிரியர். சோதனைக் கணக்கில் வராது என்று சொல்லிவிட்டு நான் எதிரே உட்கார்ந்தேன். வழக்கம்போல ஆடினோம். நான் முந்தினேன். அவர் அடியைத் தாங்கும் மதில் அட்டை ஒன்றைக் கீழே வைத்துவிட்டு அதன் பின்னால் பதுங்கிக்கொண்டார். செய்துங்கநல்லூரில் எனக்குப் பதினாறு உயிர், அவருக்கு ஐந்து. அன்றைக்கு என்ன விசேஷமோ, அங்கே அவ்வளவு கூட்டம் ஏறவில்லை. வண்டி கிளம்பியது. வழக்கப்படி அவர் கீழே வைக்க வேண்டும். வைக்கப்போனார். அதற்குள் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு நின்றது. இரண்டு பக்கமும் வாழைத் தோட்டம். எதிர் வண்டிக்காக நிற்கிறது, அரை மணியாவது ஆகும் என்று வாசலில் நின்றவர்கள் பேசிக்கொண்டார்கள்.

"நிக்குதுல்லா. ஆடுவோமா?" என்றார்.

"ஆடுவோம்" என்றேன். அவருக்கு ஐந்து உயிர்தான் இருந்தது. முழுசாக முடித்துவிட்டால் நன்றாக இருக்குமே என்றுதான் நினைத்தேன். வேறு நல்லெண்ணம் ஒன்றும் இல்லை.

ஒன்பதாவது சுற்று, பத்தாவது சுற்று என்று போனது. என் கையில் இருந்த மந்திரங்கள் தீர்ந்துவிட்டன. கட்டிலிருந்து எடுக்கிற ஓர் அட்டையை அப்போதைக்கப்போது போட்டேன். அதுவும் பெரும்பாலும் நிலமாகவே வந்தது. அவர் மதில் இன்னும் நின்றது. மூன்று உயிருக்கு வந்துவிட்டார். பன்னிரண்டாவது சுற்றில் எனக்குப் பத்துத் தண்ணி இருந்தது. போட ஒன்றும் இல்லை. "உம்ம ஆட்டம்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் வழியாக வாழைக்குலைகளைப் பார்த்தேன்.

அவர் பென்சில் அட்டையை எடுத்துத் துண்டின் நடுவில் வைத்தார்.

"நீரு விட்ட பத்துத் தண்ணியும் எனக்கு" என்றார். அவருக்கென்று ஏழு இருந்தது. விலை ஒன்று போக, பதினாறு. எங்கள் ஆட்டத்தில் பதினாறு தண்ணியை யாரும் பார்த்தது கிடையாது. அவர் கையில் இன்னும் நாலு அட்டை இருந்தது. அது எனக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது.

ஆசிரியர் முன்னால் குனிந்தார். அண்ணாச்சி வெற்றிலைப் பொட்டலத்தைப் பிரித்தவர் அப்படியே நிறுத்திவிட்டார்.

"செய்துங்கநல்லூர் தாண்டியாச்சுல்லா. ஆட்டம் அங்கனயே முடிஞ்சிட்டு" என்றேன்.

"வண்டி நிக்குது சார். நீங்கதானே ஆடுவோம்னு சொன்னீங்க" என்றார் ஆசிரியர்.

"பொழுது போவதுக்குச் சொன்னேன். முடிவுக்குச் சொல்லலை. வழக்கம்னா வழக்கம்தான். இன்னைக்கு மாத்தினா நாளைக்கு எல்லாத்தையும் மாத்தணும்."

என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. எதிர் பெஞ்சில் இருந்த ஓர் அம்மாள் திரும்பிப் பார்த்தார். அண்ணாச்சி, "இது என்ன வே கூத்து" என்று முனகிவிட்டு வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டார். நண்பர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோபம் ஒன்றும் இல்லை. ஒரு கணக்கை மறுபடி கூட்டிப் பார்ப்பவரைப் போலப் பார்த்தார்.

"சரி வே" என்றார். கையிலிருந்த நாலு அட்டையையும் கவிழ்த்துக் கீழே வைத்தார்.

அட்டைகளைப் பொறுக்கிக் கட்டுவது எப்போதும் என் வேலை. அந்த நாலையும் மற்றவற்றோடு சேர்க்கும்போது பார்த்தேன். ஒன்று அண்ணாச்சியின் ஆறு தண்ணி மந்திரம், என் கை ஏற்கெனவே காலி என்பதால் அதற்கு வேலை இல்லை. இன்னொன்று என்னுடைய 'தூர்'. மற்ற இரண்டும் சிங்கப்பூர்ப் பெட்டியில் வந்த பெரிய நெருப்பு மந்திரங்கள், ஒவ்வொன்றும் எட்டுத் தண்ணி, ஒவ்வொன்றும் எட்டு உயிர் வாங்கும். இரண்டையும் ஒரே சுற்றில் யாரும் போட முடியாது என்பதால் நாங்கள் அவற்றைச் சட்டை செய்வதே இல்லை. எட்டும் எட்டும் பதினாறு. என்னிடம் இருந்ததும் பதினாறு உயிர். முதல் சுற்றுகளிலிருந்தே அவர் அவற்றைக் கையில் வைத்திருந்திருக்கிறார். நான் கட்டை ரப்பர் பேண்டு போட்டுப் பைக்குள் வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

ஜங்ஷனில் இறங்கும்போது அவர் என் தோளைத் தட்டி, "வாறேன் வே. நோட்டை விட்டிராதேயும்" என்றார். அவ்வளவுதான் பிரிவு.

அடுத்த வாரம் அலுவலகத்தில் சாப்பாட்டு நேரத்தில் நான் ஒரு தாளில் கடைமடையைத் திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தப்பு மந்திரத்தில் இல்லை. ஒருவன் தோற்றுக்கொண்டிருக்கும் நேரத்தை எங்கள் சோதனை வெட்டி எறிந்துவிட்டு, அந்த நேரத்துக்கென்று செய்த மந்திரத்தைச் சோதித்தது. நானோ பெரும்பாலும் தோற்றது கிடையாது. எனக்கு அது தெரிய வாய்ப்பே இல்லை என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் வண்டி நின்ற அன்றைக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தபின் செய்ததுதான் எனக்கு வெட்கம்.

அதோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. ஒரு மாதம் கழித்து, செய்துங்கநல்லூர் வழக்கத்தை எடுத்துவிடலாம் என்று நானே சொன்னேன். முடியாத ஆட்டத்தை எழுதிவைத்துக்கொண்டு மறுநாள் காலையில் தொடரலாம். ஆசிரியரும் அண்ணாச்சியும் சம்மதித்தார்கள். ஆட்டங்கள் நீண்டன. அதன்பின் கடைமடையைப் பையிலிருந்து எடுத்தேன். நிராகரித்த மந்திரத்தை யார் திருத்திக் கொண்டுவந்தாலும் அது அவருக்குச் சொந்தம் என்று நோட்டின் முதல் பக்கத்தில் ஒரு விதி இருந்தது. விதிகளை எழுதியவன் நான். விலையை ஒன்றிலிருந்து இரண்டாக்கினேன். வேறு ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. பத்துச் சோதனை ஆட்டத்தில் ஆறில் அது ஆட்டத்தையே புரட்டியது. 'ஏற்கலாம்.' ஆசிரியர் மையில் எழுதினார். மூலையில் என்ன அடையாளம் போட என்று கேட்டார். நான் குனிந்து நோட்டைப் பைக்குள் வைத்தேன். விதி அவருக்கும் தெரியும். அவரே என் 'சரி' குறியைப் போட்டுவிட்டார். நான் தடுக்கவில்லை.

அந்தக் கட்டிலேயே சிறந்த அட்டை அதுதான் என்று பெயர் வந்துவிட்டது. "உம்ம கடைமடையை எடுத்தாச்சா?" என்று அண்ணாச்சி கேட்பார். முதல் சில தடவை முள்ளாகக் குத்தியது. பிறகு பழகிவிட்டது.

அடுத்த வருஷம் ஓர் உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்காக வள்ளியூர் போனேன். திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் நண்பரைப் பார்த்தேன். கொஞ்சம் மெலிந்திருந்தார். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் டீ வாங்கிக் கொடுத்தார். ஆசிரியர் எப்படி இருக்கார், அண்ணாச்சி மண்டி எப்படிப் போகுது என்று வரிசையாக விசாரித்தார். வீட்டிலிருந்து ஆபீசுக்குப் பஸ்ஸில் நின்றுகொண்டே வருகிறாராம், பேசக்கூட ஆள் கிடையாதாம். பேச்சு முடிகிற நேரத்தில் கேட்டார்.

"அந்தக் கடைமடையைப் பொறவு யாராவது எடுத்துப் பாத்தியளா?"

உண்மையைச் சொன்னால் அட்டையைப் பார்க்க வேண்டும் என்பார். மூலையைப் பார்ப்பார்.

"இல்ல வே. அது அப்படியே கெடக்கு" என்றேன்.

அவர் தலையாட்டினார். "இங்கன வந்த பொறவு நானும் விடலை. சட்டை அட்டையில ஒரு கட்டு செஞ்சு, ரெண்டு பக்கமும் நானே உக்காந்து ஞாயித்துக்கிழமை தோறும் ஆடிப் பாத்தேன். எனக்கு என்னமோ நல்லாத்தான் தெரிஞ்சுது. தனக்குத்தானே ஆடினா அப்பிடித்தான் தெரியும்போல. நீரு ஒழுங்காப் பாத்துத்தானே வேண்டாம்னு எழுதினீரு. நம்ம யோசனையே அப்பிடி, எடுத்த எடுப்புல நல்லா இருக்கும், உள்ள ஒண்ணும் இருக்காது. போன மாசம்தான் கட்டை எடுத்து வெந்நி அடுப்புல போட்டேன். இனிம எதுக்கு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். என் தம்ளரையும் வாங்கி அவரே கடைக்காரரிடம் கொடுத்தார். திருநெல்வேலி பஸ் வர இன்னும் அரை மணி நேரம் இருந்தது. அந்த அரை மணி நேரமும் அவர் என்னோடுதான் நின்றார். நான் சொல்லவில்லை.